வாயை மூடு, வீடியோ ஓடுது

பல் தீட்டாத வாய்க்குள் தன் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்காது என்று சாம்பவி சொல்லுவாள். அதில் பொய் இல்லை. கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில், இரண்டாம் மாடியில் இருந்த அந்த வீட்டில் காலையில் முதலில் எரிவது குளியலறை விளக்குத்தான். ஆறு வயது மகள் ஆரபி அரைக்கண் மூடியபடி வந்து நிற்பாள். சாம்பவி பிறஷில் பற்பசையைப் பிதுக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து காவல்காரி மாதிரி நிற்பாள்.

"தீட்டு, தீட்டு. தீட்டாமல் இஞ்சால வந்தியெண்டால் தேத்தண்ணி இல்லை, கண்டியோ."

ஆரபி முன்பற்களில் இரண்டு இழுவை இழுப்பாள். நுரையைத் துப்புவாள். "முடிஞ்சுது" என்பாள். அவ்வளவுதான், வாய் சுத்தமாகிவிட்டது. இனி அதற்குள் எது வேண்டுமானாலும் போகலாம்.

போகத்தான் செய்தது. சீனி போட்ட தேநீர் போனது, ஜாம் பூசிய பாண் போனது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் ரதீசன் கொண்டுவந்த கேக் போனது. ரதீசன் ஆரபியின் தகப்பன். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் வேலை. ஆகாயத்துக்கு ஏறாமல் மிஞ்சிய குட்டிக் கேக்குகளைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைப்பது ஒன்றுதான் பிள்ளை வளர்ப்பில் அவனுடைய பங்கு. பின்னேரம் ரீவிக்கு முன்னால் இருத்திச் சாம்பவி சோற்றைக் குழைத்து ஊட்டுவாள். பிள்ளை அதைக் கன்னக் கொடுப்புக்குள் அடக்கிவைத்துக்கொண்டு ஒரு முழுப் படமும் பார்த்து முடிப்பாள். கடைசியாகக் கட்டிலுக்குப் போகும்போது ஒரு போத்தல் பால். கைக்குழந்தை உறிஞ்சுகிற சூப்பிப் போத்தல்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு, சொக்கலேட் மாவும் இரண்டு கரண்டி சீனியும் கலக்கி. "சாப்பிடாத பிள்ளை, பாலாவது வயித்துக்குள்ள போகட்டும்" என்பது சாம்பவியின் நியாயம். போத்தலை வாயில் வைத்தபடியே ஆரபி உறங்கிப்போவாள். யாராவது விருந்தாளி வந்தால் அந்தப் போத்தல் அலுமாரிக்குள் போய்விடும். வெட்கப்பட வேண்டிய பொருள் எதுவென்று சாம்பவிக்குத் தெரியாமல் இல்லை.

அந்த இனிப்புப் பால் விடியும்வரை பற்களில் ஊறிக்கொண்டு கிடக்கும். விடிந்ததும் குளியலறை விளக்கு எரியும்.

இப்படிப்பட்ட சாம்பவிக்கு வெள்ளைக்காரர்களைக் கண்டால் அருவருப்பு. மேல்மாடியில் இருந்த கத்தரின் என்ற பெண், காலையில் படுக்கை உடுப்போடு, கையில் கோப்பிக் கோப்பையோடு, குப்பைப் பையைக் கீழே கொண்டுவருவாள். படியில் சாம்பவியைக் கண்டால் "பொன்ஜூர்!" என்று வாய் நிறையச் சிரிப்பாள். சாம்பவி மூச்சைப் பிடித்துக்கொண்டு "பொன்ஜூர்" சொல்லி, கதவைச் சாத்தியதும் கணவனிடம் போவாள்.

"இஞ்சேருங்கோ, எழும்பின வாயோட கோப்பி குடிக்கிறாள். குடிச்சுப்போட்டுப் பிறகு தீட்டுறாளாம். பிறகு தீட்டி என்னத்துக்கு? முழுக்க உள்ளுக்க போட்டுதே!"

"உமக்கேனப்பா அவளின்ர வாய்?" என்பான் ரதீசன், போர்வைக்குள் இருந்தபடி.

ஊரார் வாயெல்லாம் அவளுக்குத் தெரியும். மகளின் வாயைத் திறந்து உள்ளே பார்த்ததுதான் கிடையாது.

*

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மறித்தார்கள். பிள்ளைகளின் பற்களைப் பார்க்க வருகிற செலீன் என்ற பெண், மகளைக் கூட்டிப்போக வந்த சாம்பவியை நடைகூடத்தில் நிறுத்தினாள். சாம்பவியின் பிரெஞ்சு, கடைக்கும் பேருந்துக்கும் போதுமானது. பல்லுக்குப் போதாது. ஆகவே ஆரபிதான் இடையில் நின்று மொழிபெயர்த்தாள். தன் வாயைப் பற்றித் தானே சாட்சி சொல்ல வேண்டி வந்த பிள்ளை, சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள்.

"அம்மா, மடாம் செலீன் கேக்கிறா, எப்ப பல்லுத் தீட்டுறது எண்டு."

"காலமை. எழும்பின உடன. வாயில ஒண்டும் வைக்க முன்னம். வடிவாச் சொல்லு."

செலீன் தலையாட்டிவிட்டு வேறெதையோ கேட்டாள்.

"சாப்பிட்டாப் பிறகு தீட்டுறேல்லையோவாம். இரவில படுக்க முன்னம்?"

"சாப்பிட்டாப் பிறகு என்னத்துக்கு? படுக்கப் போற வாயை ஆர் பாக்கப் போயினம்?"

ஆரபி அதைச் சொன்னாளோ இல்லையோ, செலீன் தன் இரண்டு விரலைப் பிறஷ் போலப் பிடித்துக் காட்டினாள். பிள்ளையின் தலையை நெஞ்சில் சாய்த்து, வாயைத் திறந்து, பின்னாலிருந்து தீட்டிவிடுகிற மாதிரி.

"அம்மாதான் தீட்டிவிட வேணுமாம். பிள்ளையிட்டக் குடுக்கக் கூடாதாம். எனக்கு எட்டாதாம்."

சாம்பவிக்குச் சுருக்கென்றது. "மூண்டு வயசிலேயே தானாத் தீட்டத் தொடங்கினவள் என்ர பிள்ளை! சொல்லு அவவுக்கு. உவையின்ர பிள்ளையள் பத்து வயசிலயும் தாய் பிடிச்சுத் தீட்டவேணும் போல."

பிறகு செலீன் குனிந்து ஆரபியின் தாடையைத் தொட்டு, கடைக்கோடியைக் காட்டி, மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஆரபி ஒவ்வொன்றாகத் தமிழில் எடுத்துவைத்தாள்.

"கீழ, பின்னுக்கு, ஒரு பல்லு புதுசா வந்திருக்காம். அது விழாதாம். சாகுமட்டும் அதுதானாம். அதுக்குப் பக்கத்தில இருக்கிறது கறுப்பாம். அதை இப்ப பாக்காட்டி, புதுசும் பழுதாப் போகுமாம். டென்ரிஸ்ற்றிட்டக் கூட்டிக்கொண்டு போகட்டாம். காசு கேக்க மாட்டினமாம்."

சாம்பவி சிரித்தாள். நல்ல சத்தமாகவே சிரித்தாள்.

"விழாத பல்லு ஆறு வயசிலயோ? முன்பல்லே இன்னும் விழேல்லை, பின்னுக்கு வந்திட்டுதாமே! உதுகூடத் தெரியாமல் இவவுக்கு ஆர் வேலை குடுத்தது? பல்லுத் தீட்டாமல் கட்டிலில இருந்து கோப்பி குடிக்கிற சனம் எனக்குப் பல்லுத் தீட்டப் படிப்பிக்குது. எங்கட சனம் வேப்பங்குச்சி வைச்சுத் தீட்டின காலத்தில உவையள் பல்லெண்டால் என்னெண்டு கேட்டிருப்பினம். பால்பல்லு தானே, விழுந்திடும், அவவின்ர அலுவலை அவவைப் பாக்கச் சொல்லு. ம், சொல்லு!"

ஆரபி நிமிர்ந்து செலீனைப் பார்த்து, பிரெஞ்சில், அம்மா நன்றி சொல்லுகிறா என்றாள். "மெர்சி" என்ற சொல் மட்டும் சாம்பவியின் காதில் விழுந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்: "நான் இவ்வளவு நீளத்துக்குச் சொன்னன். நீ ஒரு சொல்லில முடிச்சுப்போட்டாய்?"

"பிரெஞ்சு சின்னப் பாஷை அம்மா" என்றாள் ஆரபி.

*

பனிக்காலம் முழுவதும் ஆரபி வலது பக்கத்தால் மட்டும் சப்பினாள். இறைச்சித் துண்டை ஒதுக்கினாள், தோசையின் கரையைப் பிய்த்து வைத்தாள். சாம்பவி அதற்குக் கள்ளம் என்று பேர் வைத்தாள். சாப்பிடாத கள்ளிக்கு வயிறு நிறைய வேண்டுமே என்று இரவுப் போத்தலில் மூன்றாவது கரண்டி சீனியும் விழுந்தது.

"அம்மா, நோகுது" என்று பிள்ளை ஒன்றிரண்டு தடவை சொன்னாள்தான்.

"பல்லு ஆடுதாக்கும். விழப்போகுது. நாக்கால தள்ளாதை."

ரதீசனிடமும் சொல்லிப் பார்த்தாள் பிள்ளை. அவன், "அம்மாட்டைச் சொல்லு குஞ்சு" என்றான். மனைவியிடம், "பிள்ளையின்ர வாய் உம்மட பக்கமப்பா. வாசல்ல பனி அள்ளுறது என்ர பக்கம். நான் என்ர பக்கத்தை ஒழுங்காச் செய்யிறன்" என்றான். சொல்லிவிட்டுக் கேக் பெட்டியைப் பிரித்து மகளிடம் நீட்டினான். அழுத பிள்ளை அமர்ந்துவிட்டதில் அவனுக்குப் பரம திருப்தி.

இந்தச் சமயத்தில்தான் அந்த வீட்டில் இன்னொரு வாய் எல்லோருடைய கவனத்தையும் பிடித்தது. ஆரபியின் ஏழு மாதத் தம்பிக்குப் பால்கஞ்சி கொடுக்கும்போது கரண்டி "டிங்" என்றது. சாம்பவி விரலை விட்டுத் தடவினாள். கீழ்முரசில், ஈறின் மேல், அரிசிமணி போல ஒன்று. "பல்லு! பல்லு!" என்று அவள் போட்ட கூச்சலில் மேல்மாடிக் கத்தரின் கோப்பிக் கோப்பையோடு இறங்கி வந்து என்னவென்று கேட்டாள்.

முதற்பல் முளைத்தால் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டிக் கொண்டாடுவது ஊர் வழக்கம். புரோசார்டுக்குத் தொலைபேசி பறந்தது. அங்கே இருந்தவள் ரதீசனின் மூத்த அக்கா நல்லம்மா, சொந்த வீட்டுக்காரி. தம்பியின் குடும்பத்தில் எது நல்லது, எது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை அவளுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.

"பல்லுக் கொழுக்கட்டை வீட்டுக்குள்ள கொட்டுறேல்லை, சொல்லிப்போட்டன். ஆம்பிளைப் பிள்ளை. ஹோல் எடுங்கோ. மாமி நான்தானே கொட்டவேணும், சீலை நான் எடுக்கிறன்."

"ஓம் மச்சாள். வீடியோவுக்கு அம்புறோஸ் அண்ணையைச் சொல்லப்போறன். பாரிசுக்கும் லண்டனுக்கும் கொப்பி அனுப்ப வேணும்."

"பெட்டைக்குப் பல்லு நோகுதெண்டு தம்பி சொன்னான்?"

"பால்பல்லு மச்சாள், ஆடுது."

"அதுக்கேன் டொக்ரர்? நான் நாலு பெத்தனான். ஒண்டையும் பல்லு டொக்ரரிட்டக் கூட்டிக்கொண்டு போகேல்லை."

இதைச் சொன்ன வாயில் மேல்வரிசை முழுவதும் இரவில் கழற்றித் தண்ணீரில் போடுகிற பல்.

*

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மண்டபம் நிறைந்த சனம். மேடையில் ஒரு பல் நின்றது. அலங்காரக்காரர் றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையில் வெட்டி எடுத்த, ஆள் உயரப் பல். இரண்டு கண், சிரித்த வாய், தலையில் தங்கத்தாள் கிரீடம். நாலா பக்கமும் மின்குமிழ் சுற்றி அதை மினுங்க விட்டிருந்தார்கள். கேக்கும் பல் வடிவம். வாசலில் கொடுத்த பையிலும் பல் படம். அந்த மண்டபத்தில் பழுதில்லாத பல் அந்த றெஜிபோம் ஒன்றுதான் என்று சொன்னாலும் பிழை வராது.

காலையில் ஆரபி எழும்பியபோதே இடது கன்னம் கொழுக்கட்டை போல வீங்கியிருந்தது. சாம்பவி கண்ணை மூடித் திறந்தாள்.

"இண்டைக்கோ? இண்டைக்குத்தானோ உனக்கு வீங்கக் கிடைச்சது?"

காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாணி மருந்தில் ஒரு மூடி பருக்கினாள். பின்னிய தலையை அவிழ்த்து, மயிரை இடது பக்கமாக இறக்கிவிட்டு, மேலே பூவைக் குத்தினாள். பவுடர் போட்டாள்.

"இஞ்ச பார் பிள்ளை. கமரா வந்தால் இந்தப் பக்கத்தைத்தான் காட்ட வேணும். சிரிக்கிறதெண்டால் வாயை மூடிக்கொண்டு சிரி. விளங்குதோ?"

ஆரபி வாயை மூடிக்கொண்டு சிரித்துக் காட்டினாள்.

விழா அமர்க்களமாகத்தான் நடந்தது. அம்புறோஸ் அண்ணை தோளில் கமராவோடு, கல்யாண வீட்டையே நடத்துகிறவர் போல எல்லோரையும் அதட்டிக்கொண்டு திரிந்தார். "மாமி இஞ்சால! தகப்பன், வயித்தை உள்ளுக்க இழு! எல்லாரும் பல்லைக் காட்டுங்கோ, பல்லு விழாவெல்லே!" தம்பியைப் பட்டுவேட்டி சுற்றி நடுவில் இருத்தினார்கள். முன்னால் தட்டில் புத்தகம், பேனை, சங்கிலி, விளையாட்டு ஸ்ரெதஸ்கோப். அவன் எடுத்ததை எல்லாம் வாயில் வைத்தான். கடைசியாக வைத்தது ஸ்ரெதஸ்கோப். "டொக்ரர்தான், டொக்ரர்தான்!" என்று மண்டபம் கைதட்டியது. அந்தப் பிள்ளைக்குச் சற்றுத் தள்ளி ஒரு டொக்ரரிடம் போகவேண்டிய பிள்ளை நின்றதை யாரும் காணவில்லை.

தலைக்கு மேல் வெள்ளைத்துணி பிடிக்க, நல்லம்மா புதுச்சீலை சரசரக்கக் கொழுக்கட்டைகளைக் கொட்டினாள். ஒவ்வொரு கொழுக்கட்டையின் விளிம்பிலும் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் பல்லாக வெட்டிப் பதித்திருந்தார்கள். உருண்டு விழுந்தவற்றைப் பொறுக்கச் சிறுவர்கள் பாய்ந்தார்கள். ஆரபியும் ஒன்றைப் பொறுக்கினாள். காலையிலிருந்து பாணி மருந்தைத் தவிர அவள் வயிற்றில் எதுவும் இல்லை. பசியில், எந்தப் பக்கம் என்பதை மறந்து கடித்துவிட்டாள்.

தேங்காய்ப் பல் உண்மைப் பல்லில் ஏறியது.

பிள்ளை வீறிட்டாள். தலையைப் பின்னுக்கு எறிந்து, வாயை முழுதாகத் திறந்து, சரியாகக் கமரா வெளிச்சத்தை நோக்கி. மேளக்காரர் இல்லாத மண்டபம், அந்தச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் போனது. நல்லம்மா வெறும் கொழுக்கட்டைச் சட்டியோடு திகைத்து நின்றாள்.

சாம்பவி ஓடி வந்தாள். நேரே கையால் மகளின் வாயைப் பொத்தினாள்.

"வாயை மூடு! வாயை மூடு, வீடியோ ஓடுது!"

இடுப்பில் அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய், அழுகை நிற்க ஒரு சொக்கலேட்டை உரித்துக் கையில் திணித்தாள். "தம்பியின்ர நாளில மானத்தை வாங்கிப்போட்டாய்" என்றாள். பிறகு சீலைத் தலைப்பைச் சரிசெய்து, முகத்தில் சிரிப்பைப் பூட்டி, விருந்தாளிகளிடம் திரும்பினாள். ஆரபி அந்தச் சொக்கலேட்டைத் தின்னவில்லை. றெஜிபோம் பல்லின் பின்பக்கம் மறைவாக இருந்தது. அங்கே போய்க் குந்திக்கொண்டாள்.

*

வீக்கம் மூன்று நாளில் கொஞ்சம் வடிந்தது. "பாத்தியே, தானா வத்திப்போச்சு" என்றாள் சாம்பவி. அவளுடைய கவலை வேறு. அந்த அலறல் பாரிசுக்குப் போய்ச் சேரப்படாது.

அடுத்த கிழமை ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, ஆரபியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அம்புறோஸ் அண்ணையின் நிலக்கீழ் அறைக்குப் போனாள். சுவரின் பாதியை அடைத்து ஒரு பெரிய ரீவி.

"அண்ணை, அந்தக் கத்தின இடத்தை வெட்டிப்போட வேணும். மற்றது வடிவு."

"வெட்டுறதென்ன தங்கச்சி, மாப்பிள்ளையையே வெட்டி எடுத்த ஆள் நான்" என்று அவர் ஓடவிட்டார். "நீங்கள் இருந்து பாத்து, எதெது வேண்டாமெண்டு சொல்லுங்கோ. பேந்து வந்து ஞாயம் கதைக்கக் கூடாது."

படம் ஓடியது. விளக்கேற்றுகிறார்கள். சாம்பவி தன் சீலை மடிப்பைப் பார்த்தாள், நன்றாகத்தான் விழுந்திருந்தது. அவளுக்குப் பின்னால், தூணோடு ஒட்டி, ஆரபி கன்னத்தில் கையை வைத்தபடி.

"இதில பிள்ளை ஒரு மாதிரி நிக்கிறாள். வெட்டுங்கோ."

வரவேற்பு. நல்லம்மா கூட்டத்தோடு வருகிறாள். ஆரபி பன்னீர்ச் செம்பைப் பிடித்திருக்கிறாள், மற்றக் கை கன்னத்தில்.

"இதையும்."

தட்டு வைக்கும் காட்சி. தம்பி பேனையை வாயில் வைக்கிறான், மண்டபம் சிரிக்கிறது. கரையில் ஆரபி. அவளும் சிரிக்கிறாள், சொன்னபடி வாயை மூடிக்கொண்டு, வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு. கண்ணில் தண்ணீர்.

சாம்பவி தள்ளுவண்டியை ஒரு தடவை முன்னும் பின்னும் தள்ளினாள்.

"இதில?" என்றார் அம்புறோஸ். "இதில வெட்டினால் தம்பியும் போவான். எல்லா இடத்திலயும் நிக்கிறா உங்கட மகள். சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ, இந்தப் பிள்ளையை வெட்டிக்கொண்டு போனால் உங்கட விழாவில மிச்சம் வாற ஆள் அந்த றெஜிபோம் பல்லுத்தான்."

அவர் கதைத்த நேரத்தில் படம் கொழுக்கட்டை கொட்டுவதையும் தாண்டி ஓடியிருந்தது. தொலைபேசி அடித்தது. "பொறுங்கோ" என்று அவர் பொத்தானை அமுக்கிவிட்டு எழும்பினார். யாரோ கல்யாணக்காரர். தாலி கட்டுகிற இடத்தில் ஐயரின் முதுகுதான் தெரியுதாம் என்று அங்கே ஒரு சண்டை. "ஐயரின்ர முதுகைத் திருப்ப நான் ஆர்?" என்று அம்புறோஸ் படிக்கட்டில் நின்று கத்தத் தொடங்கினார். அது இப்போதைக்கு முடிகிற சண்டையாக இல்லை.

ரீவியில் படம் நின்றுபோயிருந்தது. நின்ற இடம் ஆரபி வீறிட்ட அந்த இடம்.

சுவரின் பாதி அளவுக்கு ஒரு வாய். அம்புறோஸின் கமரா நல்ல கமரா, வெளிச்சம் நல்ல வெளிச்சம், அதில் குறை சொல்ல முடியாது. முன்பல் நான்கும் வெள்ளையாக, காலைதோறும் இரண்டு இழுவை இழுத்த அந்த நான்கும். அதற்கு அப்பால் பழுப்பு. அதற்கும் அப்பால் கறுப்பு. ஒன்று பாதிதான் இருந்தது, மற்றது குழி. முரசில் மஞ்சளாக ஒரு கொப்புளம். எத்தனை இரவுப் போத்தல், எத்தனை கரண்டி சீனி என்று அந்த வாய் ஒன்றையும் ஒளிக்காமல் காட்டிக்கொண்டு நின்றது.

சாம்பவி பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தாள். தம்பியின் சட்டையைச் சரிசெய்தாள், பையைத் திறந்து மூடினாள். கண் திரும்ப அங்கேதான் போனது. போன கண் கடைக்கோடியில் நின்றது.

அங்கே, கறுத்த பல்லுக்கு அடுத்ததாக, ஒரு பல். பெரிது. புத்தம்புதிது. விளிம்பு இன்னும் தேயாமல், முரசைக் கிழித்துக்கொண்டு பாதி வெளியே வந்து, பக்கத்துக் கறுப்போடு தோள் உரசிக்கொண்டு நின்றது. செலீன் விரலை வைத்துக் காட்டிய அதே இடம்.

ஆரபிக்கும் பல் முளைத்திருந்தது. சாகுமட்டும் இருக்கப்போகிற பல். அதற்கு ஒருவரும் மண்டபம் எடுக்கவில்லை. தம்பியின் அரிசிமணியை விரலை விட்டுத் தடவிக் கூச்சல் போட்ட தாய்க்கு, இதைக் காண்பதற்கு இன்னொருவர் வீட்டு ரீவி ஒன்று தேவைப்பட்டது.

"எங்கட சனம் வேப்பங்குச்சி வைச்சு..." என்று தான் சிரித்த சிரிப்பு அவளுடைய காதிலேயே கேட்டது.

அம்புறோஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "சரி, ஐயரை விடுங்கோ. இதில எங்க வெட்ட?"

சாம்பவி தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி! வெட்டவோ, விடவோ?"

"என்னவாவது செய்யுங்கோ அண்ணை."

"பேந்து ஞாயம் கதைக்க வந்தால்..." அவள் அதற்குள் வாசற்படி ஏறிவிட்டாள்.

*

நேரே பள்ளிக்கூடம். வகுப்பின் நடுவில் பிள்ளையைக் கேட்டு வாங்கினாள். அலுவலகப் பெண்ணிடம் "மடாம் செலீன், டென்ரிஸ்ற், எங்க?" என்று பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் ஒன்றாய்ப் பிசைந்து கேட்டு, இடத்தை அறிந்துகொண்டாள். ஆரபி, யாரோ செத்துவிட்டார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

பல் வைத்தியர் ஒரு இளம்பெண். விளக்கைத் திருப்பி வாயைப் பார்த்தாள். பிறகு கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றும் ஆரபி வழியாக.

"எப்ப இருந்து நோகுதெண்டு கேக்கிறா."

"பனிக்காலம் தொடங்க முன்னம் இருந்து எண்டு சொல்லு."

பிள்ளை சொன்னாள். அடுத்த கேள்வி வந்தது. ஆரபி மொழிபெயர்க்கவில்லை. வைத்தியரைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்தினாள், அந்த அறையில் தமிழ் தெரிந்த வேறு ஆள் இல்லாதபோதும்.

"அம்மா, இரவில போத்தல் குடிக்கிறனோ எண்டு கேக்கிறா. இல்லை எண்டு சொல்லவோ?"

விருந்தாளி வந்தால் அலுமாரிக்குள் போகிற போத்தல். பிள்ளை அதை அலுமாரிக்குள் வைக்கத் தயாராகத்தான் இருந்தாள். தாய்க்காகப் பொய் சொல்லுவதற்கு ஆறு வயதில் அவ்வளவு பழக்கம்.

"இல்லைக் குஞ்சு" என்றாள் சாம்பவி. "குடிக்கிறன் எண்டு சொல்லு. அம்மாதான் தாறவ எண்டும் சொல்லு. சீனி போட்டு."

வைத்தியர் முகம் சுளிக்கவில்லை. எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான். சாம்பவிக்கு அவள் ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முதலில் சீழுக்கு மருந்து. பிறகு மற்றொரு நாள் கறுத்தவை இரண்டையும் பிடுங்கினார்கள். சாம்பவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுப்பல்லில் கறுப்பு தொடங்கியிருந்தது, ஆனால் மேலே மட்டுந்தான். துளைத்து அடைத்தார்கள். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றாள் வைத்தியர். ஆரபி அதையும் மொழிபெயர்த்தாள். கன்னம் மரத்துப்போன வாயால்.

*

இனிச் சாம்பவி திருந்திவிட்டாள் என்று நினைப்பீர்கள். அப்படி ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை.

நல்லம்மா தொலைபேசியில் கேட்டபோது, "கனடாத் தண்ணியிலதான் பிழை மச்சாள். பல்லுக்குக் கூடாதாம்" என்றாள், கூசாமல்.

"அதைத்தானே நானும் சொல்லுறனான்! என்ர பல்லும் இந்தத் தண்ணியாலதான் போனது" என்றாள் நல்லம்மா. அவளுடைய பல் போனது கனடாவுக்கு விமானம் ஏற முன்னர்.

அம்புறோஸ் ஒன்றையும் வெட்டவில்லை. வெட்டச் சொல்லி மறுபடி ஒருவரும் வராததால், அலறலோடு சேர்த்துக் கொப்பி எடுத்து அனுப்பிவிட்டார். பாரிசிலிருந்து சாம்பவியின் தங்கை தொலைபேசி எடுத்தாள்.

"என்னக்கா, பிள்ளைக்கு வாயெல்லாம் கறுப்பு! இவரின்ர ஆக்களும் இருந்து பாத்தவை."

சாம்பவி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு, "அது முந்தி" என்றாள். "இப்ப இரவில நான்தான் தீட்டிவிடுறனான். உன்ர பெடியனுக்கு ஆர் தீட்டுறது? தானாவோ? விசரி, அதுகளுக்குக் கை எட்டாதடி! இரவில தீட்டாமல் படுக்கப் போடுற சனத்தை என்னெண்டு சொல்லுறது? நாத்தம் பிடிச்ச சனம்."

ஆள் மாறவில்லை பாருங்கள். அருவருப்புப் படுகிற திசைதான் மாறியிருக்கிறது. அதனால் என்ன, பிள்ளைக்குத் தாயின் குணமா முக்கியம், கைதான் முக்கியம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் குளியலறை விளக்கு இரண்டாம் தடவை எரிந்தது. சாம்பவி கழிவறைக் கோப்பையின் மூடிமேல் இருந்தபடி, மகளின் தலையை மடியில் சாய்த்து, "ஆ" என்பாள். "இன்னும் பெரிசா. ஆ." முதலில் போத்தலைக் கேட்டுச் சில நாள் அழுதாள் பிள்ளை, பிறகு மறந்தாள். கேக் பெட்டியோடு வந்த ரதீசனுக்குக் கிடைத்த வரவேற்பை இங்கே எழுத முடியாது. அடுத்த நாள் அவன் தோடம்பழம் கொண்டுவந்தான்.

கோடை விடுமுறைக்கு முன் பள்ளிக்கூட நடைகூடத்தில் செலீன் எதிரே வந்தாள். ஆரபியை நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, பார்த்து, சாம்பவியைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

சாம்பவிக்கு முகம் இறுகியது. "சொல்லு அவவுக்கு" என்று தொடங்கினாள். "அவ சொன்னது சரிதான், பின்னுக்குப் பல்லு இருந்தது. இப்ப இரவிலயும் தீட்டுறம். எண்டாலும் காலமை எழும்பின வாயோட கோப்பி குடிக்கிறது ஊத்தை வேலைதான், அதில நான் மாறமாட்டன் எண்டு சொல்லு. அவவும் குடிக்கிறவவாக்கும். காலமையும் தீட்டச் சொல்லு, குடிக்க முன்னம். ம், முழுக்கச் சொல்லு."

ஆரபி நிமிர்ந்து பார்த்தாள். "மெர்சி" என்றாள்.

செலீன் தலையசைத்துவிட்டுப் போனாள். ஆரபி ஓரக்கண்ணால் தாயைப் பார்த்துக்கொண்டு, ஏச்சுக்குக் காத்து நின்றாள்.

"ஓம்" என்றாள் சாம்பவி, மகளின் புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு. "அந்த ஒரு சொல்லே காணும்."